மூன்றாவது மஞ்சள்

ஹெப்சிபாவின் கம்ப்யூட்டரில் இரண்டு குடித்தனம். ஒரு பக்கம் விண்டோஸ், மறுபக்கம் லினக்ஸ் என்று இரண்டு இயங்குதளங்கள். பொத்தானை அழுத்தியதும் கறுப்புத் திரையில் இரண்டு பெயரும் வந்து நிற்கும். யார் வேண்டுமோ அவரைத் தொட்டு எழுப்பிக்கொள்ளலாம். ஒன்றும் தொடாமல் சும்மா இருந்தால், சில நொடிகளில் முன்னுரிமை பெற்றவர் தானாக எழுந்துவிடுவார்.

ஹெப்சியின் மனசு லினக்ஸ் பக்கம்தான். வங்கி வேலை, போட்டோக்கள், கப்பலில் இருக்கும் புருஷனோடு பேச்சு எல்லாம் அங்கேதான். அங்கே அவளை யாரும் வேவு பார்ப்பதில்லை. தன் வீட்டில் நைட்டியோடு உலாவுகிற சுதந்திரம். என்ன, ஹெட்போன் மைக்குக்கு அடிக்கடி ஜலதோஷம் பிடிக்கும். ஏதாவது ஒன்றைப் புதுப்பித்தால் ஏற்கெனவே ஓடிக்கொண்டிருந்த இன்னொன்று படுத்துக்கொள்ளும். அதைச் சரிசெய்ய இணையத்தில் யாரோ ஒரு புண்ணியவான் எழுதி வைத்ததைத் தேடிப் பிடித்து, நாலு வரி தட்டி, ஓட வைத்தவுடன் உலகத்தையே ஜெயித்தது போல இருக்கும். லினக்ஸ்காரர்களுக்கு விளையாட்டை விட விளையாட்டை ஓட வைப்பதில்தான் ருசி அதிகம் என்று அவள் புருஷன் டேனி கிண்டல் செய்வான். அது பொய்யும் இல்லை.

விண்டோஸுக்கு அவள் போவது ஒரே காரணத்துக்காக. ஏழாங்கடல்.

ஏழாங்கடல் ஒரு போட்டி விளையாட்டு. கடலுக்கடியில் மூழ்கிய கப்பல்களின் சரக்குக்காக இரண்டு அணி முக்குளிப்பவர்கள் ஈட்டித் துப்பாக்கியோடு அடித்துக்கொள்வார்கள். லினக்ஸிலும் அது திறக்கும். ஆனால் அங்கே கிடைப்பது வெறுங்கடல். தண்ணீர் உண்டு, மீன் உண்டு, எதிராளி கிடையாது. மனிதர்களோடு மோத வேண்டுமானால் விண்டோஸுக்குத்தான் வர வேண்டும். ஏனென்றால் ஆட்டக்காரர்களைக் கண்காணிக்கும் நேர்க்கை என்ற நிரல் குடியிருந்தது அங்கேதான்.

நேர்க்கை முதலில் வந்தது திருட்டு ஆட்டத்தைப் பிடிக்க. சில பேர் குறி பார்க்கும் வேலையை ஒரு நிரலிடம் ஒப்படைத்துவிட்டு, தாங்களே சுட்டது போல மீசையை முறுக்கிக்கொண்டு திரிந்தார்கள். அவர்களைக் கண்டுபிடிக்க நேர்க்கை கம்ப்யூட்டரின் அடித்தளத்தில் உட்கார்ந்துகொண்டு கையைக் கவனித்தது. மவுஸ் எப்படிப் புறப்படுகிறது, குறிக்குப் பக்கத்தில் போனதும் எப்படி வேகம் குறைகிறது, கடைசி மயிரிழையில் எவ்வளவு அசைகிறது என்று பார்த்துப் பார்த்து, இது இன்னார் கை என்று அடையாளம் சொல்லக் கற்றுக்கொண்டது. பிறகுதான் யாரோ கவனித்தார்கள். நடுக்க நோய் வரப்போகிறவர்களின் கையை, மருத்துவர்கள் கண்டுபிடிப்பதற்குப் பல வருஷங்களுக்கு முன்பே அது தனியாகப் பிரித்துவிடுகிறது. அதைக் கேள்விப்பட்டதும் காப்பீட்டுக் கம்பெனிகள் ஓடி வந்தன. அவர்கள் பின்னாலேயே முதலாளிகள் வந்தார்கள்.

தூத்துக்குடியில் தென்முனைச் சரக்குத்தளம் என்றொரு தனியார் கம்பெனி. அவர்களுடைய கிரேன்களில் ஆள் ஏறுவதில்லை. ஊருக்குள் ஒரு ஏசி அறையில் திரைக்கு முன் உட்கார்ந்து, கைப்பிடியைப் பிடித்து, துறைமுகத்தில் நிற்கிற கிரேனை ஓட்ட வேண்டும். அதற்கு ஏழாங்கடல் ஆடுகிறவர்களை விட்டால் பொருத்தமான ஆள் ஏது? தரவரிசையின் மேல்பகுதியில் இருந்தவர்களைக் கம்பெனியே தேடிப் பிடித்து வேலை கொடுத்தது. அப்படி வந்தவள்தான் ஹெப்சி. நாற்பது டன் பெட்டியை, தூங்கும் பிள்ளையைத் தொட்டிலில் போடுவது போலக் கப்பலுக்குள் இறக்குவாள். அந்த நாற்காலியில் உட்கார்ந்திருக்கிற நேரம் மட்டும்தான் தான் முழுசாக இருப்பதாக அவளுக்குத் தோன்றும்.

வேலை ஒப்பந்தத்தில் ஒரு நிபந்தனை இருந்தது. விளையாட்டு அக்கவுண்ட் ஓட்டுநர் உரிமத்தோடு இணைக்கப்படும். மாதத்தின் முதல் திங்கட்கிழமை நேர்க்கை தன் தீர்ப்பைக் கம்பெனிக்கு அனுப்பும். பச்சை என்றால் உட்காரலாம். மஞ்சள் என்றால் எச்சரிக்கை. மூன்று மஞ்சள் வந்தால் கிரேனை விட்டு இறங்க வேண்டும். எல்லாரையும் போல அவளும் படிக்காமல் ஒப்புக்கொண்டாள்.

ஜூன் மாதத் திங்கட்கிழமை அவளுக்கு முதல் மஞ்சள் வந்தது.

'கை நடுக்கத்தின் தொடக்க அறிகுறி. நரம்பியல் மருத்துவரை அணுகவும்.'

கட்டுப்பாட்டு அறையின் கழிப்பறைக்குள் போய் நின்றுகொண்டு அந்த வரியைத் திரும்பத் திரும்பப் படித்தாள். கையை நீட்டிப் பார்த்தாள். நடுங்கவில்லை. நடுங்கவில்லை என்று நினைத்த மாத்திரத்தில் நடுங்குவது போல இருந்தது.

அவளுக்கு உடனே நினைவு வந்தது மில்ட்டன் அண்ணனைத்தான். கம்பெனியிலேயே கெட்டிக்கார ஓட்டுநர். ஹெப்சிக்கு முதல் நாள் கைப்பிடியைப் பிடித்துக் கொடுத்தவர். போன வருஷம் அவருக்கு மூன்றாவது மஞ்சள் விழுந்தது. இப்போது வாசலில் லாரி எண்களைச் சரிபார்க்கிறார். வேளாவேளைக்கு மாத்திரை. போன வாரம் கேன்டீனில் அவர் டீ கிளாஸை இரண்டு கையாலும் பிடித்துக் குடித்ததைப் பார்த்து, பார்க்காதது போல அவள் தலையைத் திருப்பிக்கொண்டாள்.

வீட்டுக்கு வந்தபோது மாமியார் புஷ்பக்கனி கீரை ஆய்ந்துகொண்டிருந்தாள். டேனி வருஷத்தில் முக்கால்வாசி கப்பலில். வீட்டில் இவர்கள் இரண்டு பேர்தான்.

"என்னட்டி, மூஞ்சி செத்துப் போய்க் கெடக்கு? டேனி பேசினானா?"

"பேசினாங்க அத்த. நல்லா இருக்காங்க."

"பொறவென்ன? அந்தப் பொம்மச் சண்டையில தோத்துட்டியா?"

"ஆமா அத்த. தோத்துட்டேன்."

"முப்பத்து மூணு வயசுப் பொம்பள, பொம்மையச் சுட்டு வெளையாடுதா. சர்ச்சுல யார்ட்டயும் சொல்லிக்கிட முடியுதா?"

இந்த வசனம் ஹெப்சிக்கு மனப்பாடம். வழக்கமாக இதற்கு மேலும் நாலு வரி உண்டு. அன்றைக்கு அத்தை அத்தோடு நிறுத்திக்கொண்டாள். பாவம், நம் முகத்தைப் பார்த்து இரக்கப்பட்டிருக்கிறாள் என்று ஹெப்சி நினைத்துக்கொண்டாள்.

அவள் யாரிடமும் சொல்லவில்லை. டேனியிடம்கூடச் சொல்லவில்லை. நடுக்கடலில் இருப்பவனுக்கு இதைச் சொல்லி என்ன ஆகப்போகிறது? ஒரே ஒரு முடிவு எடுத்தாள். விண்டோஸ் பக்கமே போவதில்லை. பார்த்தால்தானே சொல்லும்? இரண்டு மாதம் ஆடாமல் இருக்க ஒப்பந்தத்தில் இடமிருந்தது. பூனை கண்ணை மூடிக்கொண்டால் பூலோகம் இருண்டுவிடும் என்கிற கதைதான். அவளுக்கு அது தெரிந்தும் இருந்தது. ஆனாலும் மூடிக்கொண்டாள்.

அந்த மாதம் முழுக்க மாலை வேளைகளில் லினக்ஸில் வெறுங்கடலில் நீந்தினாள். எதிராளி இல்லாத தண்ணீரில் ஒரு பாறையைக் குறிவைத்து அசையாமல் நிற்பாள். குறி அசையாது. அப்பாடா என்று இருக்கும். மறு நிமிஷமே, இந்த லினக்ஸ் தன் மேல் உள்ள பாசத்தில் நடுக்கத்தை மறைத்துக் காட்டுகிறதோ என்று சந்தேகம் வரும். நட்பு வேறு, சாட்சி வேறு அல்லவா? காலையில் தோசை ஊற்றும்போது மாவு வட்டமாக வருகிறதா என்று பார்ப்பாள். ஊசியில் நூல் கோப்பாள். வேலையில் ஒவ்வொரு பெட்டியை இறக்கும்போதும் மூச்சைப் பிடித்துக்கொள்வாள். கை நன்றாகத்தான் இருந்தது. பயம்தான் அவளைத் தின்றுகொண்டிருந்தது.

ஜூலை திங்கட்கிழமை இரண்டாவது மஞ்சள் வந்தது. 'அறிகுறி தீவிரமடைகிறது.'

போனைக் கவிழ்த்து வைத்தாள். அடுத்தது ஆகஸ்ட், அடுத்தது வாசல், அடுத்தது மாத்திரை. மேற்பார்வையாளர் என்ன ஏது என்று கேட்டதற்குத் தலைவலி என்று சொன்னாள். வண்டியில் வீட்டுக்குத் திரும்பும்போது, பாதி வழியில், சிக்னலில் நிற்கையில்தான் புத்தி வேலை செய்தது. ஒரு மாதமாக விண்டோஸைத் திறக்கவே இல்லையே. எந்தக் கையைப் பார்த்து அது தீர்ப்பு எழுதியது?

யாரோ அக்கவுண்ட்டைத் திருடிவிட்டார்கள் என்றுதான் முதலில் நினைத்தாள். வீட்டுக்குப் போனதும் செருப்பைக்கூடச் சரியாகக் கழற்றாமல் கம்ப்யூட்டரைப் போட்டு லினக்ஸை எழுப்பினாள். மாலை ஏழு மணி. திரையின் மூலையில் கடிகாரம் நள்ளிரவு பன்னிரண்டரை என்று காட்டியது. சில நொடிகளில் இணையம் கிடைத்ததும் துள்ளி ஏழுக்கு வந்துவிட்டது.

இதைக் கொஞ்ச நாளாகவே அவள் பார்த்துக்கொண்டுதான் இருந்தாள். உள்ளே இருக்கிற சின்ன பேட்டரி தீர்ந்துபோயிருக்கும் என்று விட்டுவிட்டாள். இன்றைக்கு நாற்காலியில் நிமிர்ந்து உட்கார்ந்தாள். கதவைச் சாத்திவிட்டு டேனியைக் கூப்பிட்டு, இரண்டு மஞ்சளையும் சேர்த்து எல்லாவற்றையும் கொட்டித் தீர்த்தாள்.

"இத இப்பந்தான் சொல்லுதியா?" என்று அவன் கத்தினான்.

"ஏசுறத பொறவு ஏசுங்க. இதக் கேளுங்க. நம்ம கம்ப்யூட்டருக்குள்ள ஒரே ஒரு கடிகாரந்தான இருக்கு? விண்டோஸ் அதுல நம்ம ஊரு நேரத்த எழுதி வைக்கும். லினக்ஸ் வந்து அத கிரீன்விச் நேரம்னு நெனச்சுப் படிக்கும். அதனால அஞ்சரை மணி நேரத்தக் கூட்டிக் காட்டும்."

"ரெண்டும் வச்சிருக்கவன் எல்லாருக்கும் இருக்கப்பட்ட தலைவலிதான அது? லினக்ஸுக்குள்ளயே இருந்தா இந்த வம்பு வராது."

"நான் ஒரு மாசமா லினக்ஸுக்குள்ளதான் இருக்கேன். அப்ப இன்னைக்கு அந்தக் கடிகாரத்துல நம்ம ஊரு நேரத்த யாரு எழுதுனா?"

அந்தப் பக்கம் இன்ஜின் இரைச்சலுக்கு மேலே டேனியின் குரல் உயர்ந்தது.

"அப்ப திருடன் வெளியில இல்ல," என்றான். "நம்ம வீட்டுக்குள்ளதான் விண்டோஸ் ஓடிருக்கு. பகல்ல வீட்ல யாரு இருக்கா?"

பகலில் இருப்பது அத்தை மட்டும்தான். ஹெப்சிக்கு ஈஸ்டர் வாரம் ஞாபகம் வந்தது. அப்போது ஒரு பெரிய போட்டி. ஒவ்வொரு தடவையும் தேர்ந்தெடுக்கச் சோம்பல்பட்டு, பொத்தானை அழுத்தினால் விண்டோஸே எழுந்து, கடவுச்சொல் கேட்காமல், ஏழாங்கடலும் தானாகத் திறக்கிற மாதிரி வைத்திருந்தாள். போட்டி முடிந்தது. திருப்பி வைக்க மறந்துபோனாள். அவள் கை லினக்ஸைத் தொட்டு எழுப்பிப் பழகிவிட்டதால் அது உறுத்தவும் இல்லை. வேறு யாராவது வந்து பொத்தானை மட்டும் அழுத்தினால் நேராகப் போய் விழுவது கடலுக்குள்தான்.

"எங்கம்மாவா?" என்றான் டேனி. "டிவி ரிமோட்டையே தலகீழாப் புடிக்கப்பட்ட ஆளு."

ஹெப்சி சிரித்தாள். ஒரு மாதமாக அடைத்து வைத்திருந்த சிரிப்பு. கண்ணீரும் சேர்ந்தே வந்தது. என் கை இல்லை, என் கை இல்லை என்று முந்தானையை வாயில் வைத்துக்கொண்டு சிரித்தாள். தலையிலிருந்து நாற்பது டன்னை யாரோ தூக்கி எடுத்தது போல இருந்தது.

டேனி சிரிக்கவில்லை.

"ஹெப்சி," என்றான் மெதுவாக. "அப்ப அது எங்கம்மா கையா?"

அவள் சிரிப்பு பாதியில் நின்றது. ஆமாம். நடுங்குவது தன் கை இல்லையென்றால், அது இன்னொருத்தி கை. தெருவில் வந்த லாரி தன்னை விட்டுவிட்டு அடுத்த வீட்டில் மோதியதற்குக் கைதட்டியது போல அவளுக்கு வெட்கமாக இருந்தது. சுவருக்கு அந்தப் பக்கம் அத்தை மிளகு ரசத்துக்குத் தாளிக்கிற வாசனை வந்தது.

மறுநாள் அரை நாள் லீவு போட்டுவிட்டு மத்தியானம் வீட்டுக்கு வந்தாள். தன் சாவியால் சத்தமில்லாமல் திறந்தாள். சமையல் முடித்து மூடி வைத்திருந்தது. உள்ளறையில் புஷ்பக்கனி கண்ணாடியை மூக்கு நுனியில் நிறுத்தி, கொண்டைக்கு மேலாக ஹெட்போனை மாட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். திரையில் நீலக்கடல். அணியினர் நாலு பேர் ஒரு கப்பலுக்குள் உயிரைக் கொடுத்துச் சண்டை போட்டுக்கொண்டிருக்க, ஐந்தாவது ஆளான அத்தை அந்தப் பக்கமே திரும்பாமல் ஒரு ஆமையின் பின்னால் போய்க்கொண்டிருந்தாள்.

"அக்கா, இங்க வாங்கக்கா, சாகுறோம்!" என்று ஹெட்போனிலிருந்து ஒரு குரல் கெஞ்சியது.

"இரும்மா, இது எங்க போவுதுன்னு பாத்துட்டு வாரேன்," என்றாள் அத்தை அதனிடம்.

ஹெப்சியின் கண் அத்தையின் கையிலேயே இருந்தது. மவுஸைக் கல் அம்மிக் குழவி போல இறுக்கிப் பிடித்திருந்தாள். கை தடுமாறியது; இழுத்தது; குறி போக வேண்டிய இடத்தைத் தாண்டிப் போய், திரும்பி வந்து, ஆடியது.

"அத்த."

புஷ்பக்கனி துள்ளி எழுந்தாள். வயர் இழுத்தது. "சும்மா தூசி தட்டிட்டு இருந்தேன்ட்டி!" என்றாள், ஹெட்போனைக் கழற்றாமலே.

ஊருக்கு உபதேசம் செய்தவர்கள் பிடிபடுகிறபோது ஒரு அழகு உண்டு. வேறொரு நாளாக இருந்தால் ஹெப்சி அதை ஒரு வாரத்துக்கு ரசித்திருப்பாள். இன்றைக்கு அவள் பக்கத்தில் உட்கார்ந்து, "கை வலிக்கா அத்த?" என்று மட்டும் கேட்டாள்.

கொஞ்சம் கொஞ்சமாகக் கதை வெளியே வந்தது. ஈஸ்டர் முடிந்து, சபை ஆராதனையைப் பெரிய திரையில் பார்க்கலாம் என்று பொத்தானை அழுத்தியிருக்கிறாள். திறந்தது கடல். ஒரு பச்சைப் பொத்தான் இருந்தது, அதை அழுத்தினாள்.

"கடக்கர ஊர்லயே பொறந்து கடக்கர ஊர்லயே கெழவியாயாச்சு. கடலுக்குள்ள என்ன இருக்குன்னு யாரும் எனக்குக் காட்டலயேட்டி," என்றாள் அத்தை. "மொதல்ல வாரத்துக்கு ஒரு நாள்தான். பொறவு தெனமும் ஆயிட்டு. எவனாவது சுடுவான். செத்துப் போவேன். அஞ்சு நொடியில எந்திரிச்சிருவேன். நாளுக்கு இருவது உயிர்த்தெழுதல். ஒன்ட்ட சொல்லலாம்னா, ஒன்னய அவ்வளவு ஏசிருக்கேன், எந்த மூஞ்சிய வச்சிட்டுச் சொல்ல?"

ஹெப்சி மஞ்சள் கதையைச் சொன்னாள். பாதியிலேயே அத்தையின் முகம் வெளுத்துவிட்டது.

"அப்ப ஒன் வேலைய நான்தான் காவு குடுக்கப் பாத்தேனா?"

"அதில்ல அத்த. ஒங்க கைதான் இப்பம்..."

"எங்கையி எப்பிடியும் போட்டும். இட்லி அவிக்க எவன்ட்ட லைசென்ஸ் வாங்கணும்? நாளைக்கே நான் ஒங்கம்பெனிக்கு வாரேன். எல்லாரும் கேக்கப் பொம்மையச் சுட்டது நான்தான்னு சொல்லுதேன்."

சொன்னபடி ஞாயிற்றுக்கிழமைச் சேலையைக் கட்டிக்கொண்டு வந்தாள்.

கம்பெனி மருத்துவர் நிலோஃபர் காயல்பட்டினத்துக்காரர். முழுக் கதையையும் குறுக்கிடாமல் கேட்டார். பிறகு இரண்டு பேருக்கும் தனித்தனியாகப் புது அக்கவுண்ட் திறந்து கொடுத்து, இரண்டு வாரம் தன் அறையிலேயே வந்து ஆடச் சொன்னார்; நேர்க்கையின் தீர்ப்பை அங்கே அன்றன்றைக்கே பார்த்துவிடலாம். அதுவரை முடிவு சொல்ல முடியாது என்றுவிட்டார்.

ஹெப்சியின் கை முதல் நாளிலிருந்தே பச்சை. அத்தையின் கை மஞ்சள். ஹெப்சி பச்சையைப் பார்க்கவே கூசினாள். அத்தையோ, "இன்னைக்கு ஒரு சொறா பாத்தேன் டாக்டரம்மா," என்று குஷியாக வெளியே வருவாள். வீட்டில் அத்தை தண்ணீர்க் குடத்தைத் தூக்கப் போனால் ஹெப்சி ஓடிப் போய் வாங்கிக்கொள்வாள். "நான் என்ன பிள்ளத்தாச்சியாட்டி?" என்று அத்தை எரிந்து விழுவாள்.

கடைசி நாள் நிலோஃபர் இருவரையும் உட்கார வைத்தார்.

"உங்க அத்தைக்கு ஒண்ணுமில்ல," என்றார் முதலிலேயே. "அவங்க கை நாளுக்கு நாள் தேறிட்டே வருது. மஞ்சள் வெளுத்துக்கிட்டே வந்து, நேத்து பச்சை. நோயின்னா ஏறும். இப்படி இறங்காது. அவங்க புதுசாக் கத்துக்கிடுதாங்க, அவ்வளவுதான். கத்துக்கிடுற கையும் தடுமாறும், தளர்ந்துபோற கையும் தடுமாறும். நேர்க்கைக்கு ரெண்டும் ஒண்ணுதான்."

"அப்ப ஏன் டாக்டர் ரெண்டாவது மஞ்சள்ல மோசமாயிட்டுதுன்னு வந்துச்சு?"

"முன்னால ராத்திரி நீங்க ஆடுவீங்க, பகல்ல அவங்க. உங்க தேர்ந்த கையில அவங்க தடுமாற்றம் கொஞ்சம் கலந்துது. போன மாசம் நீங்க ஆடவே இல்ல. அக்கவுண்ட் முழுக்க அவங்க கைதான். நல்லா இருந்த கை திடீர்னு விழுந்துட்டுன்னு அது நெனச்சிட்டு. ஒரு அக்கவுண்ட், ஒரு ஆளு. அப்படித்தான் அதுக்குச் சொல்லிக் குடுத்திருக்காங்க. நம்ம ஊர்ல ஒரு போன் நம்பர்ல ஒரு குடும்பமே குடியிருக்கும்னு அதச் செஞ்சவங்களுக்கு எப்படித் தெரியும்?"

ஹெப்சிக்கு இப்போதுதான் முழுசாக மூச்சு வந்தது. பக்கத்தில் அத்தையின் கையைத் தேடிப் பிடித்துக்கொண்டாள். அத்தை, "வேலைக்கு ஒண்ணும் ஆவாதுல்லா?" என்று மருத்துவரை விடாமல் கேட்டுக்கொண்டிருந்தாள்.

வேலைக்கு ஒன்றும் ஆகாது. இரண்டு மஞ்சளும் ரத்து. ஆனால் அக்கவுண்ட்டை இன்னொருவருக்குக் கொடுத்த குற்றத்துக்காக விளையாட்டுக் கம்பெனி பழைய அக்கவுண்ட்டை மூடிவிட்டது. பள்ளிக்கூடக் காலத்திலிருந்து ஏறி வந்த தரவரிசை மொத்தமும் போயிற்று. போனால் போகட்டும் என்று அவள் நினைத்தாள். கொஞ்சம் வலிக்கத்தான் செய்தது.

எழுந்து வாசல் வரை வந்தவள் நின்றாள்.

"டாக்டர், மில்ட்டன் அண்ணன் கையை நீங்க பாத்தீங்களா?"

நிலோஃபர் நாற்காலியைத் திரைப் பக்கம் திருப்பினார். "பெரிய டாக்டர்ட்டயே அனுப்புனோம்மா. ஆனா கையப் பாத்தா ஒண்ணும் தெரியாது. நேர்க்கை வருஷக்கணக்கா முன்னாடியே சொல்லிருதே. அதனால நாங்க எல்லாருமே கையப் பாக்கிறத விட்டுட்டு ரிப்போர்ட்டப் பாக்க ஆரம்பிச்சிட்டோம்." சொல்லிக்கொண்டே மில்ட்டனுடைய பழைய பதிவைத் திரையில் எடுத்தார். பார்த்தார். கண்ணாடியைக் கழற்றித் துடைத்துவிட்டு மறுபடி பார்த்தார். "ராத்திரி ஆட்டம் நல்லாருக்கு. பகல் ஆட்டந்தான் மோசம்."

"அப்பம்லாம் பகல்ல அவிய கிரேன்லல்லா இருப்பாங்க," என்றாள் ஹெப்சி.

"நான் நாளைக்கு அவரக் கூப்பிட்டுப் பேசுதேன்."

"நாளைக்கு என்னத்துக்கு?" என்றாள் புஷ்பக்கனி, சேலையை இழுத்துச் செருகிக்கொண்டு. "போற வழிதான?"

மில்ட்டனுக்கு அன்று வார விடுமுறை. வீட்டு வாசலில் லுங்கியோடு நின்றவர் இவர்களைப் பார்த்ததும், "வா மக்கா, அத்தையையும் கூட்டிட்டு வந்திருக்க," என்று உள்ளே அழைத்தார். அவர் மனைவி ஷீபா எல்லாருக்கும் காபி கொண்டுவந்தாள். மற்ற டம்ளர்களில் நிறைய இருந்தது. அவருடையதில் மட்டும் பாதி. சிந்திவிடக் கூடாதே என்று.

ஹெப்சிக்கு எப்படி ஆரம்பிப்பது என்று தெரியவில்லை. ஒருவேளை வேறு யாரும் ஆடவில்லை என்று ஆகிவிட்டால்? ஆறப்போகிற புண்ணைக் கிளறியது மாதிரி ஆகிவிடுமே. தன் மஞ்சள் கதையையே சொன்னாள். அத்தையின் ஆமை வரைக்கும் சொன்னாள். மில்ட்டன் வாய்விட்டுச் சிரித்தார். சிரித்து முடித்த பிறகுதான் அவள் எதற்காக வந்திருக்கிறாள் என்று அவருக்கு உறைத்தது.

"இங்க அப்படி யாரும்மா?" என்றார். "பிள்ளைய ரெண்டும் சென்னையில படிக்கு. இவளுக்கு மவுஸ எந்தப் பக்கம் பிடிக்கணும்னே தெரியாது."

ஹெப்சி அவரைத்தான் பார்த்துக்கொண்டிருந்தாள். புஷ்பக்கனி ஷீபாவைப் பார்த்துக்கொண்டிருந்தாள். ஷீபா காலித் தட்டை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு, ஒன்றுமே எழுதியிராத அந்தத் தட்டையே குனிந்து படித்துக்கொண்டிருந்தாள். களவுக்குக் களவு தெரியாதா?

"ஏட்டி ஷீபா," என்றாள் புஷ்பக்கனி, மீன் விலை கேட்கிற சாதாரணக் குரலில். "நான் சோத்த வடிச்சிட்டுப் போய் உக்காருவேன். நீ எப்பம் போவ?"

ஷீபா தட்டை மெல்லக் கீழே வைத்தாள்.

"துணி காயப்போட்டுட்டு, சித்தி," என்றாள் ஷீபா. "இவிய வேலைக்குப் போன பொறவு. ஒரு மணி நேரந்தான். இவியளுக்கு முடியலன்னதும் மாதா கோயில்ல போயி நேர்ந்துக்கிட்டேன். சொகமாயிருச்சுன்னா இனிமே அதத் தொடவே மாட்டேன்னு. அன்னையிலருந்து தொடல. சத்தியமாத் தொடல."

மில்ட்டன் மனைவியைப் பார்த்தார். ஜன்னல் ஓரத்தில் இருந்த மாத்திரை டப்பாவைப் பார்த்தார். மறுபடி மனைவியைப் பார்த்தார். திட்டப் போகிறார் என்று ஹெப்சி பயந்தாள். அவர் டம்ளரைக் கீழே வைத்துவிட்டு, இரண்டு கையையும் ஹெப்சியின் முன்னால் நீட்டினார்.

"நல்லாப் பாத்துச் சொல்லு மக்கா. நடுங்குதா?"

நடுங்கத்தான் செய்தது. ஆனால் அவர் சிரித்துக்கொண்டும் அழுதுகொண்டும் இருந்தார். தோள் குலுங்கியது, வயிறு குலுங்கியது, கை மட்டும் எப்படிச் சும்மா இருக்கும்?